பழைய வாயிலை அடைக்குமுன்



சென்ற திங்கள் கடலூர்த் தேவனாம்பட்டினத்திலிருந்து எமக்கு ஒரு குறுவட்டு வந்து சேர்ந்தது. உடன் வந்த மடலில் நான்கே வரிகள். எழுதியவர் எம் நெடுநாளைய தோழர் ஒருவரின் மகள். “அப்பா தொகுத்த சொற்கள் இதில் இருக்கின்றன. எங்கள் கணிப்பொறியில் திறந்தால் ஒன்றும் படிக்க முடியவில்லை. அம்மா நாள்தோறும் கேட்கிறார்கள். உங்களால் முடியுமா ஐயா?”

அத்தோழர் பள்ளியாசிரியர். 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைச் சூறையாடிச் சென்றபின், முதியவர்களோடு அவர்தம் சொற்களும் போய்விடுமே என்று அஞ்சி, மாலைதோறும் குப்பத்துக்குச் சென்று உட்கார்ந்தவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் பெயர்களில் தொடங்கி, நீரோட்டத்தின் பெயர், வலையுறுப்புகளின் பெயர், மீன்களின் பெயர் என மூன்றாண்டுகள் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒவ்வொரு சொல்லின் கீழும், அச்சொல்லை வழங்கிய வலைஞரின் வாய்மொழியாகவே ஒரு தொடரையும் சேர்த்தார். நகரத்து அச்சகம் ஒன்றில் கொடுத்துக் கணிப்பொறியில் கோத்து வாங்கினார். நூலாக்கக் கையில் பொருளில்லை. குறுவட்டில் ஏற்றி வைத்தார். கையெழுத்துப் படி 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஊறிக் கூழாயிற்று. தோழரும் இன்றில்லை. எஞ்சியது அக்குறுவட்டு ஒன்றே.

குறுவட்டில் கீறல் இல்லை. கோப்பும் திறந்தது. ஆனால் திரையில் தெரிந்தது தமிழன்று. ‘தமிழ்’ என்னும் சொல் நிற்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன!

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றே தெரியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று மாந்தர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்கே குறியேற்றம் என்று பெயர். எம் தோழரின் கோப்பு பாமினி என்னும் எழுத்துருவில் கோக்கப்பட்டது. அவ்வெழுத்துருவைச் செய்தவர்கள் ஆங்கில நெடுங்கணக்கின் பத்தாம் எழுத்துக்குரிய 106 என்னும் எண்ணின்மேல் தகர வடிவத்தை வரைந்து வைத்தார்கள். 107-இன்மேல் மகரம், 112-இன்மேல் இகரக் கொக்கி, 111-இன்மேல் ழகரம், அரைப்புள்ளிக்குரிய 59-இன்மேல் மெய்ப்புள்ளி. ஆக, 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்களே அக்கோப்பில் ‘தமிழ்’ என்னும் சொல். அந்த எழுத்துரு இருக்கும் பொறியில் அது தமிழாய்த் தெரியும். இல்லாத பொறியில் ஆங்கிலக் குப்பையாய்த் தெரியும். இன்றைய ஒருங்குறியிலோ அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்று நிற்கும். எனவே கோப்பு சாகவில்லை. அதனோடு நாம் பேசிய வாயில்தான் அடைபட்டுப் போயிற்று.

பழைய எழுத்துருக்களை இகழ்தற்பொருட்டு யாம் இதை எழுதவில்லை. ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே வாய்த்த காலம் அது. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்துக்குப் போயிற்று. நம் எழுத்து இருநூற்று நாற்பத்தேழையும் எங்கே வைப்பது? பாமினி என்றும் வானவில் என்றும் ஆளுக்கொரு வழி கண்டார்கள். அவர்கள் அவ்வழி கண்டிராவிடின், 1990-களில் நம்மனோர் நடத்திய சிற்றிதழ்களில் பாதி வெளிவந்திரா. குறை எங்கே என்றால், ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி எண்வரிசை வகுத்துக்கொண்டதில்தான். இணையத்தில் கூடிய தமிழர்கள் திசுக்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை உருவாக்கி, அதன் அட்டவணையை எல்லார்க்கும் திறந்துவைத்தனர். 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என இரு குறியேற்றங்களையும், தமிழ்99 என்னும் விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. 2010 சூன் திங்களில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, ஒருங்குறியையும் அதனோடு தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக்கி ஆணை பிறந்தது. பதினோரே ஆண்டில் ஓர் அரசுத் தரம் பழந்தரமாகிவிட்டது! தரம் மாறலாம், மாறத்தான் வேண்டும். மாறியபோது பழையவற்றை என்ன செய்தோம் என்பதே கேள்வி.

மென்பொருள் செய்வார்க்கு இது நாள்தோறும் வரும் தலைவலி. ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை கேட்பதற்கென்று வகுத்த வாயிலை இடைமுகம் என்பர். அவ்வாயிலின் பெயரும், அங்கே கொடுக்கவேண்டியதும், அங்கிருந்து கிடைப்பதும் முன்கூட்டியே பேசி வைத்தவை. அதை நம்பி ஆயிரம் நிரல்கள் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் யார், எந்நாட்டவர் என்பதுகூட வாயிலை வகுத்தவர்க்குத் தெரியாது. இந்நிலையில் அவ்வாயில் பழையதாயிற்று, குறையுடையது, புதியது வேண்டும் என்னும் நாள் வருகிறது. அப்போது என் செய்வது?

ஓர் அலுவலகத்தில் மூன்றாம் சாளரத்தில் முறையீட்டு மடல் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் அச்சாளரத்தை மூடிவிட்டால் வந்தவன் திகைப்பான், சினங்கொள்வான், வேறிடம் கேட்டறிந்து செல்வான். மூடாமல், அதே சாளரத்தில், அதே பலகையின் கீழ், பழைய தாள்களை விலைக்கு வாங்கும் வேலையைத் தொடங்கிவிட்டால்? வந்தவன் தன் முறையீட்டைக் கொடுத்துவிட்டு நிறைவோடு வீடு திரும்புவான். அது எடைக்குப் போயிருக்கும். மூடிய வாயிலினும் பொருள் மாறிய வாயில் கொடிது. முன்னது உடனே தெரியும்; பின்னது தெரியவே தெரியாது.

இது கணிப்பொறி வந்தபின் பிறந்த சிக்கல் என்று எண்ணிவிடவேண்டா. நம் எழுத்தே இதை ஒருமுறை பட்டிருக்கிறது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. புள்ளியிட்டால் குறில், புள்ளியில்லையேல் நெடில். ஓலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் பெரும்பாலும் அதை விட்டுவிட்டனர். பின்னர், 18-ஆம் நூற்றாண்டில், நெடிலுக்குத் தனிக்கோடும் இரட்டைச்சுழிக் கொம்பும் வந்தன. வீரமாமுனிவர் செய்த மாற்றம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இது. குறிலும் நெடிலும் ஐயமறப் பிரிந்தன, பெருநன்மைதான். ஆனால் அதுவரை ஏகாரமாய் நின்ற புள்ளியில்லா வடிவமே அன்றுமுதல் எகரமாயிற்று. குறி பழையது, பொருள் புதியது! வீராணம் ஏரியைப் பற்றி ஒருவன் பழைய முறையில் எழுதிவைத்தால், புதுமுறை படித்த பேரன் அதை ‘எரி’ என்றே படிப்பான். நீர் நெருப்பாகிவிடும். ‘கோடு’ என்பது ‘கொடு’ ஆகும். ஓலைகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் ஒவ்வோரிடத்தும் பொருளையும் யாப்பையும் நோக்கி இது குறில், இது நெடில் என்று முடிவு செய்ய நேர்ந்தது. மாற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் மாற்றியவர்களல்லர்; ஒரு நூற்றாண்டு கழித்து விளக்கொளியில் கண் வருந்திய பதிப்பாளர்கள்.

இதனோடு 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியார் 1935-இலேயே தம் குடியரசு இதழில் புகுத்திய வடிவங்களுட் சிலவற்றை அவ்வாண்டு அக்தோபரில் தமிழ்நாட்டரசு ஆணையிட்டு ஏற்றது. ணா, றா, னா என்னும் மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசை ஆறும், ணை, லை, ளை, னை என்னும் நான்கும் ஆகப் பதின்மூன்று எழுத்துகளே மாறின. ஐகாரத்தையும் ஔகாரத்தையும் எடுத்துவிடவேண்டும் என்னும் பகுதியை அரசு தொடவில்லை. யாம் இங்கே நோக்குவது வேறு. யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’ வடிவம் போயிற்று. ஆனால் அவ்வடிவத்தை எடுத்து வேறோர் ஒலிக்குக் கொடுக்கவில்லை. புதிய ‘லை’ யும் ஏற்கெனவே கை, தை, மை என்று எல்லாரும் அறிந்த ஐகாரக் கொம்பினால் ஆனதே. ஆதலால், புதியது கற்ற பிள்ளை பழைய நூலைக் கண்டால் ஒருகணம் தயங்குவான், தவறாகப் படிக்கமாட்டான். பழையது கற்ற பாட்டன் புதிய நூலைக் கண்டால் தயக்கமும் இல்லாமலே படிப்பான். அச்சகங்களில் ஈய எழுத்துகள் தேயும்வரை இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்து வந்தன, எவரும் குழம்பவில்லை. பின்னர்ச் சிங்கப்பூரும் மலேசியாவும் இதனை ஏற்றன. பழைய வாயிலை எவ்வாறு ஓய்வுபெறச் செய்யவேண்டும் என்பதற்கு மென்பொருள் அறிஞர்கள் வேறெங்கும் போய்ப் பாடம் படிக்கவேண்டியதில்லை; இந்த ஓர் ஆணை போதும்.

அயல்நாட்டார் பட்டறிவு ஒன்றையும் சொல்வோம். பைத்தன் என்னும் நிரல்மொழி உலகெங்கும் வழங்குவது. அதன் மூன்றாம் பதிப்பு 2008 திசம்பரில் வந்தது. பழைய பதிப்பில் ‘சரம்’ என்று அழைக்கப்பட்டது வெறும் எண்களின் கோவை. ஒருங்குறியின் பரவலான வடிவத்தில் எழுதிய ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்து நீளம் கேட்டால், அது 15 என்று விடை சொல்லும். புதிய பதிப்பில் அதே பெயருக்குப் பொருள் ஒருங்குறி எழுத்துகளின் கோவை என்றாயிற்று. விடை 5 என்று வரும். (நம் கணக்கில் மூன்று. அதைப் பின்னர்ச் சொல்வோம்.) நோக்கம் உயர்ந்தது, ஆங்கிலமல்லாத மொழிகளுக்கெல்லாம் நன்மை செய்தது. ஆயினும் பழைய பெயருக்குப் புதுப்பொருள் கொடுத்தமையால், எழுதி வைத்த நிரல்கள் எண்ணிறந்தன முறிந்தன. 2015-இல் பழைய பதிப்பைக் கைவிடுவதாகச் சொன்னவர்கள், முடியாமல், 2020 சனவரி முதல் நாள்வரை தள்ளிவைத்தார்கள்.

அதே மொழியில் வேறொரு மாற்றம் அமைதியாக நடந்தது. ஏழை இரண்டால் வகு என்றால் பழைய பதிப்பு 3 என்று முழு எண்ணைச் சொல்லும், புதியது 3.5 என்று சொல்லும். இதுவும் பொருள் மாற்றந்தான். ஆனால் 2001-லேயே அவர்கள் இரண்டு செயல்களைச் செய்துவிட்டார்கள். பழைய வகுத்தலுக்கு இரட்டைக் கோடாலான தனிக்குறி ஒன்றைக் கொடுத்தார்கள். வருங்கால முறையை இன்றே வேண்டுவோர் தம் நிரலின் தலையில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம் என்று வழியும் திறந்தார்கள். பழைய பொருளுக்குப் புதுவீடு கட்டிக் குடியேற்றிவிட்டு, ஏழாண்டு கழித்தே பழைய வீட்டை மாற்றினார்கள். இலினக்சு இயங்குதளத்தின் கருவை ஆள்வோர் இன்னும் கண்டிப்பானவர்கள். உள்ளே எதை வேண்டுமாயினும் மாற்றுக; வெளியே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றுகூட அதனால் முறிதல் ஆகாது என்பது அவர்தம் முதல் விதி.

ஒருங்குறியாளரும் பட்டே திருந்தினர். 1996-இல் தம் இரண்டாம் பதிப்பில் கொரிய மொழியின் அசையெழுத்துகளைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்து, 11,172 எழுத்துகளாக வேறிடத்தில் வைத்தார்கள். பழைய எண்களில் எழுதியிருந்த கொரியக் கோப்புகள் பொருளற்றுப் போயின. அதன்பின் ஒரு சூளுரை செய்தார்கள்: ஒருமுறை இடங்கொடுத்த எழுத்தை இனி எஞ்ஞான்றும் பெயர்ப்பதில்லை, நீக்குவதுமில்லை. தவறென்று தெரிந்தால் ‘பயன்படுத்தற்க’ என்று குறிப்பெழுதுவதே ஒழிய இருக்கையைப் பறிப்பதில்லை. தமிழ்த் தொகுதியிலேயே 2946-ஆம் எண்ணில், தமிழுக்கு என்றுமே இல்லாத ஓர் அனுசுவரக் குறி முதற் பதிப்பிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழில் பயன்படாதது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அது அங்கேயேதான் இருக்கும்.

2010-இல் கிரந்த எழுத்துகளைத் தமிழ்த் தொகுதிக்குள் கொண்டுவரவும், எ, ஒ, ழ, ற, ன என்னும் நம் எழுத்துகளைக் கிரந்தத் தொகுதிக்குள் கொண்டுபோகவும் முன்மொழிவுகள் வந்தபோது, தமிழுணர்வாளர்கள் ஏன் அத்துணைக் கொதித்தெழுந்தனர் என்று இப்போது விளங்கும். ‘இருந்துவிட்டுப் போகட்டுமே, வேண்டாவிடின் பிறகு எடுத்துவிடலாம்’ என்று சிலர் அறிவுரை கூறினர். பிறகு எடுக்கமுடியாது என்பதுதான் அவ்வமைப்பின் அடிப்படை விதி! நிலைபேறு உறுதியான இடத்தில் நுழைவு கண்டிப்பாயிருக்க வேண்டும். கிரந்தம் 2014-இல் தனித்தொகுதியாகவே, நம் ஐந்தெழுத்துகள் இன்றியே, இடம்பெற்றது.

இனி எம் தோழர் சிலர் எம்மீது சினங்கொள்ளக்கூடிய செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருங்குறி ‘தமிழ்’ என்னும் சொல்லை ஐந்தாக எண்ணுகிறது. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளாமல் மெய்வடிவம் வேறு, உயிர்க்குறி வேறு என்று பிளக்கிறது. மத்திய அரசின் இசுக்கி என்னும் வடமொழிச் சார்பான அமைப்பை அடியொற்றி 1991-இல் வகுத்ததன் விளைவு அது. தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றம் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரே எண்ணைத் தருகிறது; இலக்கணத்தோடு இயைந்தது அதுவே. இதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், அதனால் ஒருங்குறியை இன்று தூக்கியெறிக என்று மேடையில் முழங்குவதை யாம் ஏற்கமாட்டோம். இன்று கைப்பேசிகளிலும் இணையத்திலும் நூலகங்களிலும் குவிந்து கிடக்கும் தமிழ் முழுவதும் அவ்வெண்களில் நிற்கிறது. அதைத் தூக்கியெறிந்தால், தேவனாம்பட்டினத்துக் குறுவட்டுக்கு நேர்ந்தது நாளை எல்லார்க்கும் நேரும். இலக்கணம் சார்ந்த குறியேற்றத்தை உள்ளே வைத்து ஆய்வுக்கும் அச்சுக்கும் ஆள்க. வெளியே கொடுக்கும்போது ஒருங்குறியாக்கிக் கொடுக்க. இரண்டுக்கும் இடையே ஐயமற மாற்றும் வழி இருக்கிறது. நம் கொள்கை வெல்லவேண்டும் என்பதற்காக நம் மக்களின் கோப்பை முறிக்கும் உரிமை நமக்கு இல்லை.

இனிக் கோப்பை மீட்ட கதைக்கு வருவோம். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் தருகிறது. பொத்தானை அழுத்தினால் நொடியில் மாற்றிவிடும். அதனால் வேலை முடிந்தது என்று எண்ணுவோரே மிகுதி. முடியவில்லை! பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் முறையிலேயே எண்கள் நிற்கும். முதலில் கொம்பு, பிறகு எழுத்து. ஒருங்குறியில் முதலில் எழுத்து, பிறகு கொம்பு. எனவே மாற்றி ஒவ்வோரிடத்தும் வரிசையைத் திருப்பவேண்டும். இதுகூட எளிது. ஔகாரத்தில்தான் கண்ணி இருக்கிறது. அக்குறியின் பின்பாதிக்கென்று தனியிடம் இல்லாமல், ளகரத்தையே அதற்கும் பயன்படுத்தினார்கள்.

தோழரின் பட்டியலில் ‘வெள்ளை வௌவால்’ என்று ஒரு மீன். இவ்விரு சொற்களும் பாமினியில் 110, 116, 115 என்னும் ஒரே மூன்று எண்களில் தொடங்குகின்றன: கொம்பு, வகரம், ளகரம். முதற்சொல்லில் அது எகரமும் ளகரமும். இரண்டாம் சொல்லில் அதுவே ஔகாரம். பழுதான மாற்றிகள் கண்டவிடமெல்லாம் ஔகாரம் ஆக்கிவிடும். ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ என்று ஆகிவிட்ட பக்கங்களை நீங்களும் இணையத்தில் கண்டிருப்பீர்கள். கண்ணுக்குச் சிறு வேறுபாடே. ஆனால் ‘வெள்ளம்’ என்று தேடுவார்க்கு அவ்வாறு முறிந்த ‘வெள்ளம்’ என்றைக்கும் கிட்டாது. நல்ல மாற்றி அடுத்த எண்ணை நோக்கும். ளகரத்துக்குப்பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது எழுத்து, இன்றேல் ஔகாரம் என்று முடிவு செய்யும். செந்தமிழுக்கு இவ்விதி பெரும்பாலும் போதும். கடற்கரைத் தமிழுக்குப் போதாதே! வலைஞர் ‘விளக்கு’ என்பதை ‘வெளக்கு’ என்பர். தோழர் கேட்டது கேட்டபடி எழுதியிருக்கிறார். மாற்றி அதை ஔகாரமாக்கிவிட்டது. இயந்திரத்துக்கு இது தெரிய வழியில்லை. ஒரு தமிழன் உட்கார்ந்து படித்தால்தான் தெரியும்.

ஆகவே யாம் கேட்பன சில. கடலூர் மாவட்டம் தென்னார்க்காட்டிலிருந்து 1993-இல் பிரிந்தது. அதன் முதற் பதினைந்து ஆண்டுகளும் இப்பழைய எழுத்துருக்களின் காலமே. ஊராட்சி முதல் மாவட்டத் தலைமை வரை, அக்காலத்துத் தமிழ்க் கோப்புகள் எங்கெங்கே, எந்தெந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று முதலில் ஒரு பட்டியல் எடுக்கட்டும். மாற்றியபின் பழைய கோப்பை அழிக்கக்கூடாது. மாற்றத்தில் பிழை நேர்ந்தால் திரும்பிச் செல்ல அது ஒன்றே வழி. எழுத்துரு செய்த நிறுவனங்கள் தம் எண்வரிசை அட்டவணைகளை எல்லார்க்கும் வெளியிடவேண்டும்; விற்பனை நின்றுபோன சரக்கின் பூட்டைக் காத்து யாருக்கு என்ன பயன்?

தட்டச்சர்களுக்கும் ஒரு சொல். புதிய குறியேற்றம் என்றால் விரற்பழக்கத்தை மாற்றவேண்டுமோ என்று மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் அஞ்சுவோர் உளர். வேண்டியதில்லை. விசைப்பலகை வேறு, குறியேற்றம் வேறு. எ-கலப்பை போன்ற மென்பொருள்களில் பழைய தட்டச்சு முறையும் உண்டு. பாமினி முறையும் உண்டு. நீங்கள் நேற்று அழுத்திய விசையையே இன்றும் அழுத்துங்கள்; உள்ளே செல்லும் எண் மட்டும் மாறும். பழக்கத்தை முறிக்காமல் உள்ளீட்டை மாற்றுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

தில்லைக்கு வருவோம். மூவர் பாடிய ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிக் கிடந்தன என்பதும், அரசன் முயற்சியால் கதவு திறந்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்பதும் வழிவழி வந்த செய்தி. அறை இருந்தது, ஏடும் இருந்தது, திறக்க நாளாயிற்று. அவ்வூரில்தான் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1956 முதல் 1961 வரை மொழிஞாயிறு பாவாணர் பணியாற்றிய இடம். 1979 முதல் தொலைநிலைக் கல்விக்காகத் தமிழ்ப் பாடங்கள் எழுதுவித்து வருவது. அங்கே தமிழ் பயிலும் மாணவர்க்கு ஆளுக்கு ஒரு பழைய கோப்பு என்று கொடுத்து, மாற்றி, சொல்சொல்லாய் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைநீக்கச் செய்தால், அது சுவடிப் பதிப்புப் பயிற்சிக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஓலையில் புள்ளியில்லா எகரத்தை ஆராய்வதும், கோப்பில் ளகரமா ஔகாரமா என்று ஆராய்வதும் ஒரே கலை.

தோழரின் தொகுப்பை இப்போது மாற்றி முடித்திருக்கிறோம். ஐயத்துக்குரிய சொற்களைத் தனியே அச்சிட்டுக்கொண்டு சென்ற ஞாயிறன்று தேவனாம்பட்டினம் போயிருந்தோம். தோழரின் துணைவியார் இரண்டு வலைஞர் பெரியவர்களை வரவழைத்து வைத்திருந்தார்கள். யாம் படிக்கப் படிக்க, அவர்கள் சிரித்துக்கொண்டே திருத்தினார்கள். பொழுது சாயுமுன் ஏறத்தாழ எல்லாம் தெளிவாயின. ‘கச்சான்’ என்னும் சொல்லின்கீழ் உள்ள தொடரில் ஒரு குறி மட்டும் எஞ்சி நிற்கிறது. அதன் எண் எமக்குக் கிடைத்த எந்த அட்டவணையிலும் இல்லை. அச்சகத்தார் தாமே வரைந்து சேர்த்த வடிவம் போலும். பெரியவர்களுக்கும் அத்தொடர் நினைவில்லை. 2005 முதல் 2008 வரை கடலூரில் பாமினியில் அச்சுக்கோத்தவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், தம்மிடமுள்ள பழைய எழுத்துருக் கோப்பின் ஒரு படியோடு எமக்கு எழுதுக.